தென்கிழக்கே 240 மீட்டர்

இராமநாதபுரம் கடற்கரையில் வரைபட வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தொல்லை பழகிப்போனது: ஒரே இடத்தைக் காட்டும் இரண்டு லேயர்கள் (கணினி வரைபடத்தின் தகவல் அடுக்குகள்) ஒன்றன்மேல் ஒன்று உட்காருவதில்லை. டோபோஷீட் என்னும் பழைய அச்சு நில வரைபடத் தாளிலிருந்து வரைந்தெடுத்த தனுஷ்கோடி மணல்திட்டு ஓரிடத்தில் நிற்கும். செயற்கைக்கோள் படத்தில் தெரியும் மணல்திட்டு வேறோரிடத்தில் நிற்கும். ஒரு மென்பொருளில் கச்சிதமாகப் பொருந்திய கோப்பு, இன்னொன்றில் திறந்ததும் கடலுக்குள் இறங்கியிருக்கும். அப்போது பெரும்பாலோர் லேயரை மவுஸால் பிடித்து இழுத்து, கண்ணுக்குச் சரியாகத் தோன்றும் இடத்தில் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்துக்கு எதிராகவே இந்தப் பதிவை எழுதுகிறேன்.

இந்த விலகல்கள் தற்செயலாக வருவன அல்ல. ஒவ்வொரு காரணத்துக்கும் அதற்கே உரிய தூரமும் திசையும் உண்டு. அவை நம் பகுதியின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பொறுத்து முன்கூட்டியே கணக்கிடக்கூடியவை. ஆகவே மென்பொருளின் அமைப்புகளில் கைவைப்பதற்கு முன், இரண்டு லேயர்களிலும் ஐயமின்றி அடையாளம் தெரிகிற ஒரே பொருளைத் தேர்ந்து, எத்தனை மீட்டர், எந்தத் திசையில் தள்ளி நிற்கிறது என்று அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்வதே முதல் வேலை.

பெரிய விலகல்களைப் பற்றிக் கவலைப்பட அதிகம் இல்லை, ஏனெனில் அவை தம்மைத் தாமே காட்டிக்கொடுத்துவிடும். இராமேஸ்வரம் ஏறத்தாழ வடக்கு 9.29 பாகை (டிகிரி), கிழக்கு 79.31 பாகையில் இருக்கிறது. இந்த இரண்டு எண்களும் இடம் மாறினால் ஊர் வட துருவப் பக்கம், ஸ்வால்பார்ட் தீவுகளுக்குச் சற்று மேற்கே உள்ள கடலில் போய் நிற்கும். கே.எம்.எல்., ஜியோஜேசன் கோப்புகள் தீர்க்கரேகையை முதலில் எழுதுகின்றன, ஆயமுறைகளுக்கு (இடங்களை எண்களால் குறிக்கும் முறைகளுக்கு) எண் தரும் இ.பி.எஸ்.ஜி. பட்டியலில் 4326 என்ற குறியீட்டின் முறையான வரையறையோ அட்சரேகையை முதலில் வைக்கிறது. இணைய வரைபடச் சேவையான டபிள்யூ.எம்.எஸ். தன் 1.1.1 பதிப்பில் ஒரு வரிசையையும் 1.3.0 பதிப்பில் மற்றொரு வரிசையையும் பின்பற்றுவதால், சேவையின் பதிப்பு எண்ணை மாற்றிய உடனேயே படம் காணாமற்போவதும் உண்டு. சேது மண்ணை உறைபனிக் கடலில் தேடிக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். திரையை முழு உலக அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால் போதும்.

அடுத்தது யூ.டி.எம். மண்டலம். யூ.டி.எம். என்பது பூமியை 6 பாகை அகலப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இடங்களை மீட்டரில் குறிக்கும் முறை. இராமநாதபுரம் மாவட்டம் முழுவதும் 78 பாகைக்குக் கிழக்கே இருப்பதால் 44-ஆம் மண்டலத்தில், அதாவது இ.பி.எஸ்.ஜி. 32644-இல் வருகிறது. தேனி, கன்னியாகுமரிப் பக்கத்து வேலைகளுக்காக உருவாக்கிய ப்ராஜெக்ட் கோப்பு 43-ஆம் மண்டலத்தில் இருக்கும். அதை அப்படியே நகலெடுத்து நம் எண்களை உள்ளிட்டால் எல்லாப் புள்ளிகளும் சரியாக 6 பாகை மேற்கே, ஏறத்தாழ 660 கிலோமீட்டர் தள்ளி, இலட்சத்தீவின் கல்பேனிக்கும் மினிக்காய்க்கும் இடைப்பட்ட ஒன்பது பாகைக் கால்வாயில் விழும். ராமேஸ்வரத்துக்கு 44-ஆம் மண்டலத்தில் கிழக்கு மதிப்பு 3,14,000-ஐ ஒட்டியும் வடக்கு மதிப்பு 10,27,000-ஐ ஒட்டியும் வரும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், ஒரு கோப்பைப் படமாகத் திறக்காமலே அதன் எண்களைப் பார்த்து மண்டலத்தை ஊகித்துவிடலாம்.

வடக்கு தெற்காக மட்டும் ஏழு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவாக விலகினால் காரணம் மெர்கேட்டர் என்ற, பூமியைத் தட்டைப் படமாக்கும் முறைதான். கூகுள் போன்ற இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் 3857 என்ற மெர்கேட்டர், பூமியை உருண்டையாகக் கொண்டு கணக்கிடுகிறது. 3395 என்ற மற்றொரு மெர்கேட்டர் பூமியைத் துருவங்களில் சற்றே தட்டையான கோளமாகக் கொள்கிறது. இரண்டின் பெயர்களும் பட்டியலில் அருகருகே இருப்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தேர்ந்துவிடுவது எளிது. கிழக்கு மேற்கில் இரண்டும் ஒன்றே என்பதால், விலகல் நேர் வடக்கு தெற்காக இருப்பதே இதன் அடையாளம். இதே 3857-இல் பரப்பளவு கணக்கிடுகிறவர்களுக்கும் ஒரு சொல்: நம் அட்சரேகையில் அது நீளத்தைக் கிழக்கு மேற்கில் 1.3 சதவீதமும் வடக்கு தெற்கில் 2 சதவீதமும், பரப்பை ஏறத்தாழ 3.3 சதவீதமும் கூட்டிக் காட்டும். வாலிநோக்கத்தில் 100 ஹெக்டேர் உப்பளத்தை அளந்தால் ஏறத்தாழ 103.3 ஹெக்டேர் என்று வரும். குத்தகைக் கணக்கில் அது சிறிய தொகை அல்ல.

இனி, உண்மையிலேயே ஆபத்தான விலகலுக்கு வருகிறேன். அது பெரிதாக இல்லாததாலேயே ஆபத்தானது.

இந்திய நில அளவைத் துறையின் பழைய டோபோஷீட்டுகள், நம் பகுதிக்கு 58 கே, 58 ஓ வரிசையில் வருபவை, எவரெஸ்ட் நீள்கோளத்தையும் (பூமியின் வடிவத்துக்கான ஒரு கணக்கு மாதிரி) மத்தியப் பிரதேசத்தின் கல்யாண்பூரை மூலமாகக் கொண்ட டேட்டத்தையும் (அந்தக் கோளத்தைப் பூமியோடு பொருத்தும் அடிப்படை) அடிப்படையாகக் கொண்டவை. ஜி.பி.எஸ். கருவி தருவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற உலகப் பொது டேட்டத்தின் எண்கள். எவரெஸ்ட் நீள்கோளத்தின் நடுக்கோட்டு ஆரம் டபிள்யூ.ஜி.எஸ். 84-இன் ஆரத்தைவிட ஏறத்தாழ 836 மீட்டர் குறைவு. அதோடு அதன் மையமும் பூமியின் மையத்திலிருந்து 830 மீட்டருக்கு மேல் விலகி நிற்கிறது. அன்றைய அளவையாளர்களுக்கு உலகம் முழுவதற்கும் பொருந்தும் கோளம் தேவைப்படவில்லை. இந்தியத் துணைக்கண்டத்தின் மேல் நன்றாகப் படியும் கோளமே தேவைப்பட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு டோபோஷீட்டின் மூலையில் அச்சிட்டிருக்கும் பாகை, கலைகளை (கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) படித்து, அவற்றை டபிள்யூ.ஜி.எஸ். 84 எண்களாக உள்ளிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் கடற்கரையில் ஒரு திட்டவட்டமான விடை உண்டு: எல்லாப் பொருள்களும் தெற்கே சுமார் 186 மீட்டரும் கிழக்கே சுமார் 153 மீட்டரும் நகர்ந்து, மொத்தத்தில் தென்கிழக்காக ஏறத்தாழ 240 மீட்டர் தள்ளி உட்காரும்.

240 மீட்டர் என்பது மாவட்ட வரைபடத்தில் கண்ணில் படாத தூரம். பரமக்குடியில் ஒரு வயல் அவ்வளவு நகர்ந்தால் அதுவும் வயலாகவே தெரியும். கடற்கரையிலோ கதை வேறு. அரிச்சல்முனைக்குப் போகும் மணல்நாக்கு சில இடங்களில் சில நூறு மீட்டர் அகலமே உடையது. அதன்மேல் இருக்க வேண்டிய புள்ளி மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கிவிடும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்காக உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் அளக்கிற இடத்தில் 240 மீட்டர் பிசகினால் பாதி மண்டலமே இடம் மாறிவிடும். ஒருவர் வீட்டுக்கு அனுமதி உண்டா இல்லையா என்பதே அந்தக் கோட்டில் தொங்குகிறது.

சரிசெய்யும் மாற்றம் புதிர் எதுவுமல்ல. கல்யாண்பூர் 1975 என்ற டேட்டத்திலிருந்து, அதாவது இ.பி.எஸ்.ஜி. 4146-இலிருந்து, டபிள்யூ.ஜி.எஸ். 84-க்குப் போக எக்ஸ் திசையில் 295, ஒய் திசையில் 736, இசட் திசையில் 257 மீட்டர் மைய நகர்வு என்பது பரவலாக வெளியிடப்பட்ட அளவு. மையம் நகர்வதால் தரையில் தெரியும் விலகல் ஊருக்கு ஊர் மாறும். இதே மூன்று எண்களை டெல்லிக்குக் கணக்கிட்டால் வடக்கு தெற்கில் சில மீட்டர்கள்தான் வரும், கிழக்கு மேற்கில் மட்டும் 120 மீட்டரை ஒட்டி வரும். ஆகவே வடக்கே யாரோ இழுத்துப் பொருத்திய அளவைக் கேட்டு வாங்கி இங்கே பயன்படுத்த முடியாது. நம் மாவட்டத்துக்குள்ளேயே மூக்கையூரில் கிழக்கு விலகல் 142 மீட்டர் என்றால் தனுஷ்கோடியில் அது 155 மீட்டர். ஓரிடத்தில் பொருந்துமாறு இழுத்த லேயர் மறுமுனையில் 13 மீட்டர் பிசகும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

அப்படியானால் மென்பொருள்கள் ஏன் ஒன்றோடொன்று முரண்படுகின்றன? ஒவ்வொன்றும் இந்த மாற்றத்தைச் செய்வதா வேண்டாமா என்பதைத் தன் வழியில் முடிவு செய்வதால்தான். ஆர்க்மேப்பில் இதை நாமே தேர்ந்து கொடுக்க வேண்டும். டேட்டம் வேறுபடுகிறது என்ற எச்சரிக்கையைப் படிக்காமல் மூடிவிட்டால் நகர்வு எதுவுமின்றி வரைந்துவிடும். க்யூ.ஜி.ஐ.எஸ்., ஜி.டி.ஏ.எல். இரண்டும் ப்ரோஜ் என்ற நிரல் நூலகத்தை நம்பியிருப்பவை. 2019-இல் வந்த ப்ரோஜ் 6 முதல், ஒரு டேட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழிகளை அது தன் தரவுத்தளத்தில் தேடி, பொருத்தமானதைத் துல்லியத்தோடு எடுத்துத் தருகிறது. அதற்கு முன் டபிள்யூ.ஜி.எஸ். 84-க்கான நகர்வு எண்கள் டேட்டத்தின் வரையறை வரியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். இன்றும் நம்மவர் பலர், பழைய குறிப்பு ஒன்றிலிருந்து எடுத்த வரியைக் கொண்டு, நீள்கோளம் எவரெஸ்ட் என்று மட்டும் சொல்லி, நகர்வு எண்களைச் சொல்லாமல் தாமே ஒரு ஆயமுறையை உருவாக்கிக்கொள்கிறார்கள். மென்பொருள் அதை ஏற்றுக்கொள்ளும். கோளத்தின் வடிவம் தெரியும், மையம் எங்கே என்று தெரியாது. எனவே நகர்வே இல்லாத உத்தேச மாற்றத்தைச் செய்துவிட்டுப் போய்விடும். அளவில் 240 மீட்டரும் திசையில் தென்கிழக்கும் வந்தால் நான் முதலில் திறந்து பார்ப்பது அந்த வரியைத்தான்.

விலகல் 240 ஆக இல்லாமல் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 100 மீட்டராக இருந்தால் வேறொரு பொறி காத்திருக்கிறது. பட்டியலில் 'இந்தியன் 1975' என்று ஒரு டேட்டம் உண்டு, எண் 4240. பெயரில் இந்தியாவும் இருக்கிறது, 1975-உம் இருக்கிறது, எவரெஸ்ட் கோளமும் இருக்கிறது. ஆனால் அது தாய்லாந்துக்கானது. அதைத் தேர்ந்தால் நகர்வு நடக்கும், திசையும் ஏறத்தாழ ஒத்துவரும், முன்பிருந்த பெரிய விலகல் குறைந்ததைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும்.

லேயருக்கு ஆயமுறையைக் குறிப்பதும், லேயரை வேறொரு ஆயமுறைக்கு மாற்றுவதும் இரண்டு வேறு வேலைகள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். டோபோஷீட் ஸ்கேனைப் பொருத்தும்போது மூலைகளின் எண்கள் எவரெஸ்ட் எண்கள். எனவே அங்கே 4146 என்றே குறிக்க வேண்டும். பிறகு அந்தக் கோப்பை 32644-க்கு மாற்றிச் சேமிக்க வேண்டும். இந்த இரண்டாவது படிக்குப் பதிலாக, முதல் கோப்பின் பண்புகளில் போய் 4146-ஐ அழித்து 4326 (டபிள்யூ.ஜி.எஸ். 84) என்று எழுதிவிடுகிறவர்கள், எண்களை மாற்றாமல் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றுகிறார்கள். ஆட்டோகேட் வரைபடங்களை டி.எக்ஸ்.எஃப். கோப்பாக வாங்கும்போது பெரும்பாலும் பெயர்ப்பலகையே இருக்காது. அவற்றைத் தந்தவரிடம் கேட்டு எழுதி வாங்கிய பிறகே நான் திறக்கிறேன்.

மாற்றம் சரியாக நடந்த பின்னும் பத்து, இருபது மீட்டர் மிஞ்சும். அதைத் துரத்திப் பயனில்லை. மேலே சொன்ன மூன்று எண்களின் துல்லியமே முறையே 12, 10, 15 மீட்டர் என்றுதான் வெளியிடப்பட்டிருக்கிறது. 1:50,000 அளவுத் தாளில் அரை மில்லிமீட்டர்க் கோடு தரையில் 25 மீட்டரை மூடிவிடும். ஏழு அளபுருக்கள் (மூன்று நகர்வு, மூன்று சுழற்சி, ஓர் அளவுவிகிதம்) கொண்ட மாற்றத்தை யாராவது தந்தால், சுழற்சிகளின் கூட்டல் கழித்தல் குறி எந்த மரபைச் சேர்ந்தது என்று மட்டும் கேளுங்கள். புள்ளி சுழல்வதாகக் கொள்ளும் மரபும் அச்சு சுழல்வதாகக் கொள்ளும் மரபும் நேரெதிர்க் குறிகளைப் பயன்படுத்துகின்றன. ஒரு விகலை (கலையில் அறுபதில் ஒரு பங்கு) சுழற்சியின் குறி மாறினாலே 60 மீட்டர் வரை பிசகலாம்.

சில விலகல்களுக்கு டேட்டத்தோடு தொடர்பே இருக்காது. மண்டபத்தில் விசைப்படகு வைத்திருக்கும் ஒருவர் கடலில் தம் இடங்களின் எண்களைக் குறித்துவைக்கும் பாயிண்ட் நோட்டைக் கொண்டுவந்தார். உப்பும் டீசலும் ஊறிய பக்கங்களில் பந்துமுனைப் பேனாவால் '09 24.450 / 79 06.300' என்ற வடிவில் வரிசையாக எண்கள். "தம்பி, பாயிண்ட் எல்லாம் சரிதான், படத்துலதான் தப்பு" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. படகிலுள்ள கருவி பாகையையும் தசமக் கலையையும் காட்டுகிறது. அதை யாரோ 9.2445, 79.0630 என்று தசமப் பாகையாகக் கணினியில் தட்டியிருந்தார்கள். வடகடலில், பாக் நீரிணைப் பக்கம் இருக்க வேண்டிய இடம் 18 கிலோமீட்டர் தெற்கே இறங்கி, கரையைத் தாண்டித் தென்கடலில் நின்றது. இதே எண்ணை 24 கலை 45 விகலை என்று படிக்கிறவர்களும் உண்டு, 24.45 கலை என்பது 24 கலை 27 விகலை. வித்தியாசம் 550 மீட்டர்.

இதில் ஒரு வினோதம் இருக்கிறது. 1974-ஆம் ஆண்டு இந்திய இலங்கைக் கடல் எல்லை உடன்பாட்டில் மூன்றாவது புள்ளி வடக்கு 9 பாகை 40.15 கலை, கிழக்கு 79 பாகை 22.60 கலை. அந்த 40.15 கலையை 40 கலை 15 விகலை என்று படித்தால் 6 விகலை வடக்கே போய்விடும். நம் பகுதியில் எவரெஸ்டுக்கும் டபிள்யூ.ஜி.எஸ். 84-க்கும் இடையிலான அட்சரேகை வேறுபாடும் ஏறத்தாழ அதே 6 விகலைதான். ஆக, வடக்கு தெற்கு விலகலை மட்டும் பார்த்து டேட்டம் என்று தீர்ப்புச் சொன்னால் ஏமாந்துபோகலாம். கிழக்கு மேற்கில் 5 விகலை வேறுபாடும் உடன் இருக்கிறதா என்று பார்த்தே முடிவுக்கு வர வேண்டும். எல்லை தாண்டியதாகப் படகு பிடிபடும் கடலில் இந்த 180 மீட்டர் விளையாட்டு அல்ல.

அளப்பதற்கு எந்தப் பொருளை எடுப்பது என்பதில் இந்தக் கடற்கரை வேறெந்த ஊரையும்விடக் கண்டிப்பானது. கரையோரக் கோட்டையே எடுத்துப் பொருத்துவது இங்கே வழக்கம். அதுதான் எடுக்கவே கூடாத பொருள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. மணல்நாக்கு அதற்குப் பிறகும் பருவத்துக்குப் பருவம் உருவம் மாறிக்கொண்டே இருக்கிறது. மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டும் நீருக்குள் மூழ்கிவிட்டன. பழைய தாளுக்கும் இன்றைய படத்துக்கும் நடுவே கரை நகர்ந்ததை ஆயமுறைப் பிழை என்று கொண்டு இழுத்துவிட்டால், கடல் அரிப்பு என்ற உண்மையே வரைபடத்திலிருந்து அழிந்துபோகும். கோயில் கோபுரம், பழைய தேவாலயத்தின் இடிபாடு, பாம்பன் கலங்கரை விளக்கம், 1914-இல் திறந்த ரயில் பாலத்தின் இரு முனைகள் ஆகியவை நம்பத்தக்கவை. பாலத்தை எடுப்பவர்கள் 2025-இல் பக்கத்திலேயே திறந்த புதிய பாலத்தைப் பழையதாக எண்ணிவிடக் கூடாது.

உயரத்தைப் பற்றிச் சுருக்கமாக. கீழக்கரை கடற்கரையில் துல்லிய ஜி.பி.எஸ். கருவியை நட்டால், கால் நனைகிற இடத்தில் அது மைனஸ் 90 மீட்டருக்கும் கீழே காட்டும். கருவி கெட்டுப்போகவில்லை, அது நீள்கோளத்திலிருந்து அளந்த உயரம். உலகிலேயே மிக ஆழமான ஜியாய்டு (ஈர்ப்புவிசை தீர்மானிக்கும் கடல்மட்டப் பரப்பு) தாழ்வு இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருப்பதால் நம் கடல்மட்டம் நீள்கோளத்துக்கு அவ்வளவு கீழே கிடக்கிறது. ட்ரோன் அளவையின் உயரத்தையும் எஸ்.ஆர்.டி.எம். என்ற விண்வெளி ரேடார் அளவையின் உயரத்தையும் ஜியாய்டு திருத்தமின்றிக் கலந்து வெள்ள வரைபடம் போட்டால் மாவட்டமே மூழ்கிக் கிடக்கும்.

கடைசியாக, எந்த மாற்றமும் உதவாத ஒரு லேயர்: புலப்படம், அதாவது ஒவ்வொரு புல எண்ணுக்கும் உள்ள எஃப்.எம்.பி. என்ற நில அளவைப் படம். அந்தத் தாளில் ஜி லைன் என்ற அடிக்கோடும் அதிலிருந்து செங்குத்தாக எடுத்த அளவுகளும் இருக்கும், அட்சரேகை தீர்க்கரேகை இருக்காது. அதற்கு டேட்டம் தேடி அலைவது வீண். எல்லைக் கற்களைக் களத்தில் கண்டுபிடித்து, ஜி.பி.எஸ். எடுத்து, அவற்றின்மேல் படத்தை உட்காரவைப்பது ஒன்றே வழி. அப்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வளைத்து நெளித்து எல்லாக் கற்களிலும் பூஜ்யப் பிழை காட்டும் மாற்றங்களைத் தேர்ந்தெடுக்காமல், நகர்வு, சுழற்சி, ஒரே அளவுவிகிதம் இவற்றை மட்டும் அனுமதிக்கும் ஹெல்மர்ட் மாற்றத்தைத் தேர்ந்து, குறைந்தது நான்கு கற்களைக் கொடுக்க வேண்டும். 44-ஆம் மண்டலத்தின் இழுப்பு (பூமியைத் தட்டையாக்குவதால் நீளம் கூடும் அளவு) இராமேஸ்வரத்தில் 100 மீட்டருக்கு 3 மில்லிமீட்டர், மூக்கையூரில் 5 சென்டிமீட்டர், அவ்வளவுதான். மென்பொருள் அளவுவிகிதத்தை 1.02 என்று சொன்னால் அது புரொஜெக்‌ஷனால் வந்ததாக இருக்க முடியாது. நாம் எடுத்த கற்களில் ஒன்று பக்கத்துப் புலத்தினுடையது.